டேங்க் முனை யாருக்கு

ஜனவரி 4

அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் என் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நாம் இருவரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். பாவம், அண்ணன் நடுவில் மாட்டிக்கொண்டு, "ஒருத்தர் முடிச்சப்புறம் ஒருத்தர் பேசுங்களேன்" என்று கெஞ்சுகிறான். அதனால்தான் கடிதம். இதில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

தங்கள் பேட்டியைப் படித்தேன். படித்தேன் என்ன, படிக்க வைத்தார்கள். எங்கள் பஸ் டெப்போவில் டிரைவர்களுக்கு நான் ட்யூட்டி போட்டு ஒட்டுகிற பலகையில், என் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் பேப்பரை வெட்டி ஒட்டியிருந்தார்கள். டெஸ்ட் தொடருக்கு முன்னால் இரண்டு அணிகளின் பந்துவீச்சையும் நீங்கள் எடை போட்டிருந்தீர்கள். தங்கள் படம் பெரிதாக, புது நாட்டுச் சட்டையில். என்னைப் பற்றி ஒரு வரி: "அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான்."

எட்டு வருடம் நீங்கள் ஒரு முனையிலிருந்தும் நான் மறுமுனையிலிருந்தும் புதுப் பந்து போட்டோம். அப்புறம் என் அண்ணனையே கட்டிக்கொண்டு, அவனுக்கு வேலை கிடைத்த நாட்டுக்குப் போய், அந்த அணிக்கே ஆட ஆரம்பித்தீர்கள். அதையும் பொறுத்துக்கொண்ட எனக்கு ஒரு வரி.

அது சும்மா வரி இல்லை அண்ணி. அடுத்த மாதம் அணி தேர்வு. இரண்டாவது வேகப்பந்து இடத்துக்கு நான் போவேனா, இல்லை அதை மூன்றாவது ஸ்பின்னருக்குக் கொடுப்பார்களா என்பதுதான் பேச்சு. தேர்வுக்குழுத் தலைவி அதே பேப்பரை மேஜைமேல் வைத்துக்கொண்டு, "முனையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு ஒரு ஸ்பின்னர் போதுமே, இவ எதுக்கு?" என்றாராம். எனக்கு முப்பத்திரண்டு வயது. இந்தத் தொடரில் இல்லை என்றால் இனி எப்போதும் இல்லை.

நீங்கள் எடை போட்டீர்கள், நானும் போடுகிறேன். உங்கள் கிரேன். ஆறடி உயரம், இடது கை, நல்ல வேகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மத்தியானத்துக்குமேல் பந்தைக் கொடுத்தால், தூங்குகிற பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் வருகிறாள். அடுத்தது பல் டாக்டர். பந்து பளபளப்பாக இருக்கும்வரை இரண்டு பக்கமும் ஸ்விங். பளபளப்பு போனதும் அவர் கிளினிக்குக்கே போய்விடலாம். அப்புறம் அந்த ஊமை ஸ்பின்னர். நல்ல கை. ஆனால் அப்பீல் செய்ய வாயே வராது. கேட்காத அவுட்டை எந்த அம்பயர் கொடுப்பார்? கடைசியாகத் தாங்கள். போன இரண்டு தொடர்களிலும் உங்கள் அணியிலேயே அதிக ஓவர் போட்டது நீங்கள்தான். விக்கெட்டைத்தான் காணோம். வயதாகிவிட்டதா அண்ணி?

எங்கள் பக்கம் ராக்கெட் இருக்கிறாள். இருபது வயது, கையைவிட்டுப் பந்து போனதே தெரியாது. கேப்டனின் லெக் ஸ்பின்னை நீங்களே நெட்டில் தடவித் தடவி ஆடியிருக்கிறீர்கள். கணக்கு டீச்சரின் இடது கை ஸ்பின்னில் ஒரு ரன் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கூட நானும் இருப்பேன். முதல் டெஸ்ட் நம் பழைய மைதானத்தில். வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
அவ்வளவுதான்


ஜனவரி 13

கடுகு,

தாங்கள், அவர்கள் என்றெல்லாம் போட்டிருக்கிறாய். உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "ஐயோ, மரியாதை குடுத்துட்டாளா? அப்ப ரொம்பக் கோவம்" என்று லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிற பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

நான் சொன்னதில் பாதியைத்தான் போட்டார்கள். "அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான், மற்றவர்கள் விக்கெட் எடுக்க அது போதும், அப்படி ஒருத்தி இல்லாத பந்துவீச்சு பந்துவீச்சே இல்லை" என்றேன். பேப்பர்காரருக்கு இடம் இல்லையாம். இதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று நினைக்காதே. நான் சொன்னது நிஜம், பாராட்டுகூட.

கிரேனுக்கு மூன்றாவது ஸ்பெல் இல்லை என்பது தெரியும். அதற்குமுன் உங்களில் ஏழு பேர் உள்ளே போய் உட்கார்ந்திருப்பார்கள், மூன்றாவது ஸ்பெல் எதற்கு? டாக்டரைப் பற்றிப் பேசாதே. உங்கள் ராக்கெட் ஒரு ஓவரில் நாலு பந்தை எங்கே போடுகிறாள் என்று அவளுக்கே தெரியாது. உங்கள் கேப்டன் அடி வாங்கினால் முகம் சுருங்கி, அடுத்த பந்தைக் குட்டையாகப் போடுவாள். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். டீச்சர் மட்டும் கெட்டி.

என் விக்கெட்டை நீ எண்ண வேண்டாம். எண்ண வேறு ஆள் இருக்கிறார்கள்.

ஒட்டகம்

பி.கு. நீ கண்ணுக்குப் போடுவாயே ஒரு சொட்டு மருந்து, அதன் பெயர் என்ன? உன் அண்ணனுக்கு வேண்டும்.


ஜனவரி 21

ஒட்டகம்,

மரியாதை போதும். பாராட்டாம், பெரிய பாராட்டு.

நம் பழைய மைதானத்தில் காற்று எங்கிருந்து வரும்? தண்ணீர் டேங்க் பக்கமிருந்து. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்வரை நிற்காது. டேங்க் முனையிலிருந்து ஓடி வந்தால் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். ரோட்டு முனையிலிருந்து ஓடினால் முகத்தில் அறையும். எட்டு வருடம் டேங்க் முனை யாருக்கு? உனக்கு. ரோட்டு முனை? எனக்கு.

உதடு வெடித்து, கண்ணில் மண் விழுந்து, நான் ஓவர் ஓவராக ரன் கொடுக்காமல் இறுக்குவேன். பொறுமை போய் அவர்கள் உன்னை அடிக்கப் போவார்கள், உனக்கு விக்கெட் விழும். பேப்பரில் உனக்குப் 'புயல்' என்று பட்டம். அந்தப் புயலுக்கு எதிரில் பந்து போட்டவள் நான். எனக்கு என்ன பட்டம் கொடுத்தார்கள்? "சிக்கனம்." ரேஷன் கடையா நடத்தினேன்?

இப்போதும் அதே கதை. பயிற்சி முகாமில் கோச், "நீ எதிர்க்காத்து ஸ்பெஷலிஸ்ட், ராக்கெட்டுக்கு டேங்க் முனையை விட்டுடு" என்கிறார். விட்டுவிட்டால் விக்கெட் வராது. விக்கெட் வரவில்லை என்றால் ஸ்பின்னர் போதும் என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

கண் மருந்துச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். காலையில் ஒன்று, ஆட்டம் முடிந்து ஒன்று. அண்ணனுக்கு எதற்கு? லிஃப்ட் குழியில் அவ்வளவு தூசியா?

கடுகு


ஜனவரி 29

கடுகு,

எல்லாம் சரி. ஒன்று கேட்கிறேன். அந்த எட்டு வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், "இன்னிக்கு டேங்க் முனை எனக்கு வேணும்" என்று நீ வாயைத் திறந்து கேட்டாயா?

நான் பந்தைத் தேய்த்துக்கொண்டு நிமிர்வேன், நீ ஏற்கெனவே ரோட்டு முனைக்கு நடந்துகொண்டிருப்பாய். யாரும் அனுப்பவில்லை. நீயாகப் போனாய். உனக்கும் அது வசதி. விக்கெட் வரவில்லை என்றால் காற்றைச் சொல்லலாம். டேங்க் முனைக்கு வந்தால் யாரைச் சொல்வாய்? எங்கள் ஊமை ஸ்பின்னரைக் கிண்டல் செய்தாயே, கேட்காத அவுட்டை எந்த அம்பயர் கொடுப்பார் என்று. அந்த வரியை நீயே ஒரு தடவை கண்ணாடி முன்னால் நின்று படி.

கோபம் வருகிறதா? வரட்டும். எனக்கும் வருகிறது. இங்கே கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நீ ஒரு தடவைகூடக் கேட்காமல் எனக்குக் கணக்குக் காட்டுகிறாய்.

நேற்று எங்கள் டீம் மீட்டிங். உங்கள் பந்துவீச்சாளர்கள் ஒவ்வொருவரையும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். ராக்கெட்டுக்கு இரண்டு மணி நேரம். உனக்குப் பத்து நிமிடம். "இவளைத் தொடாதீங்க, தடுத்து ஆடுங்க, அடுத்த முனையில் அடிச்சுக்கலாம்" என்று முடித்துவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "காத்தோட போட்டா என்ன பண்ணுவா?" என்று கேட்டேன். கம்ப்யூட்டர் ஓட்டுகிற பெண் தேடித் தேடிப் பார்த்தாள். அந்தக் கம்ப்யூட்டரில் நீ காற்றோடு போட்ட ஓவர் ஒன்றுகூட இல்லை.

இதை உனக்கு உதவியாக எழுதவில்லை. எங்கள் அணிதான் ஜெயிக்கும்.

ஒட்டகம்


பிப்ரவரி 6

ஒட்டகம்,

உன் கடிதத்தைக் கிழித்தேன். அப்புறம் ஒட்டவைத்துப் படித்தேன்.

படித்துவிட்டு நேரே கோச்சிடம் போனேன். முதல் பயிற்சி ஆட்டத்தில் டேங்க் முனை எனக்கு வேண்டும் என்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த வாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு, "உனக்கா?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். ராக்கெட் பக்கத்தில் நின்றிருந்தாள். "குடுங்க சார், அக்கா போடட்டும், நான் அந்தப் பக்கம் போறேன்" என்றாள். அந்தச் சின்னப்பெண்ணுக்கு இருந்த மனசு சிலபேருக்கு எட்டு வருடம் இல்லை.

நீ சந்தோஷப்படு. அசிங்கமாகிவிட்டது. முதல் ஓவரிலேயே இரண்டு நோ-பால். கால் கோட்டைத் தாண்டிப் போய் விழுகிறது. இத்தனை வருடத்தில் நான் போட்ட நோ-பாலை விரல்விட்டு எண்ணலாம், அத்தனையும் அன்று ஒரே காலையில் வட்டியோடு வந்துவிட்டது. மூன்றாவது ஓவரில் எங்கள் தொடக்க ஆட்டக்காரியின் நடு ஸ்டம்ப் பறந்தது. நான் கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், அம்பயரும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நோ-பால்.

தேர்வுக்குழுத் தலைவி பந்தலில் உட்கார்ந்து எதையோ குறித்துக்கொண்டார். கோச் வந்து, "போதும்மா, உன் முனைக்கே போயிடு" என்றார். "இன்னொரு ஆட்டம் இருக்கு சார், அதுலயும் இங்கதான் போடுவேன்" என்றேன். அவருக்கு என் குரல் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

கடுகு


பிப்ரவரி 12

கடுகு,

ஒன்பது நோ-பாலாம், உன் அண்ணன் இணையத்தில் பார்த்துச் சொன்னான். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்தது.

ஏன் அப்படி ஆகிறது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நான் எதிரணி. உன் அண்ணன், "பாவம்டி, சொல்லேன்" என்று இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துப் பார்க்கிறான். தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டேன்.

நீயே கண்டுபிடி. கண்டுபிடிக்கவில்லை என்றால் ரோட்டு முனைக்கே திரும்பிப் போ. அது ஒன்றும் கேவலமான முனை இல்லை. அங்கே நிற்க நெஞ்சு வேண்டும். ஆனால் அனுப்பப்பட்டு நிற்பது வேறு, கேட்டு நிற்பது வேறு.

அடுத்த வாரம் விமானம் ஏறுகிறோம். இனி தபால் வேண்டாம். நாம் ஒரே ஹோட்டலாம். ரிசப்ஷனில் கொடு.

ஒட்டகம்

பி.கு. சொட்டு மருந்து நன்றாகக் கேட்கிறது. எரிச்சல் குறைந்தது.


பிப்ரவரி 20

ஒட்டகம்,

ஐந்தாம் மாடி எப்படி இருக்கிறது? நான் மூன்றாம் மாடி. ரிசப்ஷன்காரர் கடிதத்தை வாங்கிக்கொண்டு, "மேடம், லிஃப்ட்ல போனா ரெண்டு மாடிதானே?" என்றார். "அது உங்களுக்கு ரெண்டு மாடி" என்றேன்.

நீ சொல்ல வேண்டியதில்லை, கண்டுபிடித்தாயிற்று. எட்டு வருடமும் அதற்குப் பிறகும் காற்றுதான் எனக்கு பிரேக். நான் அளந்து வைத்திருந்த ஓட்டம் முழுக்கக் காற்று என்னைப் பிடித்து இழுக்கும் என்று நம்பி அளந்தது. அது இழுக்காமல் தள்ளினால் கால் எங்கே நிற்கும்? ஓட ஆரம்பிக்கிற அடையாளத்தைப் பின்னால் தள்ளி வைத்தேன். தினமும் காலையில் ராக்கெட் கிரீஸில் குனிந்து என் கால் விழுகிற இடத்தைப் பார்த்து, "அக்கா உள்ள, அக்கா உள்ள, அக்கா வெளிய" என்று கத்துவாள். கடைசியில் "உள்ள" மட்டும்தான் கேட்டது.

இரண்டாவது பயிற்சி ஆட்டத்தில் நாலு விக்கெட். அத்தனையும் டேங்க் முனையிலிருந்து. எங்கள் கேப்டன் ஸ்லிப்பில் நின்றவள், "இவ்வளவு நாள் இதை எங்கடி வச்சிருந்த?" என்றாள். கேட்கவில்லை என்றால் வெளியே வராது என்று சொன்னேன்.

பெயர் அறிவித்துவிட்டார்கள். நான் அணியில் இருக்கிறேன். ஆனால் முனை இன்னும் முடிவாகவில்லை. தேர்வுக்குழுத் தலைவி, "டெஸ்ட்ல இந்த விளையாட்டெல்லாம் வேணாம், பழைய முனைக்கே போ" என்கிறார். நான் கேப்டனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். உணவு இடைவேளைவரை டேங்க் முனை எனக்கு, அதற்குப் பிறகு ராக்கெட்டுக்கு. பாதி நாள் அவள் காற்றில் நிற்பாள், பாதி நாள் நான். அது முடியாது என்றால் பந்து ஸ்பின்னருக்குப் போகட்டும், நான் டெப்போவுக்குப் போய் ட்யூட்டி போடுகிறேன்.

மாற்றி மாற்றிப் போடலாம் என்று நம் இரண்டு பேருக்கும் எட்டு வருடத்தில் தோன்றவே இல்லை பார். நீயும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடுகு


பிப்ரவரி 22, முதல் நாள் ஆட்டம் முடிந்து

கடுகு,

நாலு விக்கெட். டேங்க் முனையைக் கேட்டு வாங்கிவிட்டாய். எங்கள் மீட்டிங்கில் கம்ப்யூட்டர் பெண், "இப்ப காத்தோட போட்ட ஓவர் இருக்கு, போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். எங்கள் கேப்டன் அவளைப் பார்த்த பார்வையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

ராக்கெட் மத்தியானம் வந்து மூன்று எடுத்தாள். நான் டக் அவுட், உன் பந்தில்தான். அதற்கு ஒரு வார்த்தைகூட எழுத மாட்டேன். நாளைக்கு நாங்கள் போடுவோம். உங்கள் மட்டைகளைத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டகம்


பிப்ரவரி 23, இரண்டாம் நாள் ஆட்டம் முடிந்து

அண்ணி,

கிண்டலுக்கு எழுதவில்லை, அண்ணி என்றே எழுதுகிறேன்.

இன்று காலை உங்கள் அணி பந்து போட இறங்கியது. நான் பெவிலியன் படியில் உட்கார்ந்திருந்தேன். கிரேன் பந்தை வாங்கிக்கொண்டு டேங்க் முனைக்குப் போனாள். டாக்டர் ஸ்லிப்புக்குப் போனார். நீ தொப்பியை அம்பயரிடம் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு ரோட்டு முனைக்கு நடந்தாய். யாரும் உனக்குக் கை காட்டவில்லை. தினமும் போகிற வழி மாதிரி போனாய்.

காலையிலிருந்து சாயங்காலம்வரை அங்கேயே போட்டாய். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உதட்டை நக்கிக்கொண்டு. நீ இறுக்கினாய், அந்தப் பக்கம் கிரேன் அஞ்சு விக்கெட் எடுத்தாள். எனக்கு யாரையோ பார்ப்பது மாதிரி இருந்தது.

கண் மருந்து அண்ணனுக்கு இல்லை. விக்கெட் குறைந்தது வயதால் இல்லை. கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறவள் யார் என்றும் புரிந்தது. நான் உன்னைத் திட்டி எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் நீ அங்கே எதிர்க்காற்றில் பந்து போட்டுவிட்டு வந்து படித்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொன்னாயா? அழுத்தக்காரி. என் பெட்டியிலிருந்த மருந்து பாட்டில் இரண்டையும் இதோடு கொடுத்திருக்கிறேன்.

நாளைக் காலை நான் மட்டை பிடிக்க நிற்பேன். எட்டாவது ஆள், இன்னும் அவுட் ஆகவில்லை, ராத்திரி முழுக்க எனக்கு அதுதான் யோசனை. ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். எதிர்க்காற்றில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து என்னை அவுட் ஆக்கினால் அதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். என் ஸ்டம்ப் விழுவதென்றால் புயல் வந்து விழ வேண்டும். உன் கேப்டனிடம் போய்க் கேள். முந்தி கொடுக்கவில்லை என்றால் இன்னொரு தடவை கேள். தர மாட்டேன் என்றால் பந்தைக் கீழே வைத்துவிட்டு நில். நீ கேட்கவில்லை என்றால் நான் மட்டையோடு போய் உங்கள் கேப்டனிடம் கேட்பேன், மைதானமே பார்க்கட்டும். வெட்கமாகப் போவது உனக்குத்தான்.

உன் நாத்தனார்,
கடுகு


பிப்ரவரி 24, காலை

கடுகு,

கேட்டேன். முறைத்தார்கள். திரும்பவும் கேட்டேன். டேங்க் முனை எனக்கு.

ஹெல்மெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வா.

ஒட்டகம்